லாஸ்பேட்டையில் ஒரு யூனிகார்ன்

ஸ்விட்சைப் போட்டதும் தாழ்ந்த குரலில் ஒரு ஒலி, தொடர்ந்து கூர்மையாக ஒரு 'பீப்'. திரையில் 'பிபிசி கம்ப்யூட்டர் 32கே' என்று ஒரு வரி, கீழே 'பேசிக்', கண்சிமிட்டும் கர்சர். பாஸ்வேர்டு இல்லை, அப்டேட் இல்லை. உட்கார்ந்த உடனே நிரல் எழுதத் தொடங்கிவிடலாம்.

1981 டிசம்பரில் பிரிட்டனில் ஏகார்ன் நிறுவனம் வெளியிட்ட பிபிசி மைக்ரோவின் இந்திய வடிவம் இது. 1984-85இல் மத்திய அரசு பள்ளிக் கணினிக் கல்விக்காகத் தொடங்கிய 'கிளாஸ்' திட்டம் பிபிசி மைக்ரோவைத்தான் நம்பியது. மொகாலியில் இருந்த செமிகண்டக்டர் காம்ப்ளக்ஸ் நிறுவனம் உரிமம் பெற்று யூனிகார்ன் என்ற பெயரில் தந்தது. உள்ளே 2 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் 6502 செயலி, 32 கேபி நினைவகம், அவ்வளவுதான். ஆனால் இதன் பேசிக் மொழியை எழுதிய சோஃபி வில்சன்தான் பிறகு ஸ்டீவ் ஃபர்பருடன் சேர்ந்து ஆர்ம் செயலியை வடிவமைத்தார். 1985 ஏப்ரலில் வந்த முதல் ஆர்ம் சில்லை ஓட்டிப் பார்த்ததும் ஒரு பிபிசி மைக்ரோவோடு இணைத்துத்தான். இன்று நம் கைபேசிகளுக்குள் இருப்பது அந்த வம்சம்.

ஒரு பள்ளி கழித்துவிட்ட யந்திரம் பழைய சாமான் கடை வழியாக என்னிடம் வந்தது. கடல் பக்கத்து ஊரில் இரும்பும் தகரமும் படும் பாடு நமக்குத் தெரியும். இதிலும் ஐசி கால்களில் பச்சை பூத்திருந்தது. நல்ல வேளை, முக்கியமான ஐசிகள் பேஸில்தான் உட்கார்ந்திருக்கின்றன. மெதுவாக நெம்பி எடுத்து, ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, திரும்பச் செருகியதும் உயிர் வந்தது. அதற்கும் முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. பவர் சப்ளையில் மெயின் லைனை ஒட்டி, மஞ்சள் கண்ணாடி போன்ற உறையுடன் இரண்டு கண்டென்சர்கள் இருக்கும். உறை விரிசல் விட்டு ஈரம் உள்ளே போயிருந்தால் கரண்ட் கொடுத்ததும் புகையும்; வீடே நாறும். சென்னை ரிச்சி தெருவில் எக்ஸ்2 ரகக் கண்டென்சர் கேட்டு வாங்கி, பழகிய டிவி மெக்கானிக் கையால் மாற்றிவிடுங்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும். அனுபவமில்லாதவர்கள் திறக்க வேண்டாம்.

படத்துக்குப் பெரிய செலவில்லை: வீடியோ சாக்கெட்டிலிருந்து டிவியின் மஞ்சள் ஏவி சாக்கெட்டுக்கு ஒரு வயர் போதும், கறுப்பு வெள்ளையில் தெளிவாக வருகிறது. வண்ணம் வேண்டுமென்றால் ஆர்ஜிபியை எச்டிஎம்ஐ ஆக்கும் போர்டு தேவை. நிரல் ஏற்ற, அந்தக் கால டேப் ரெக்கார்டருக்குப் பதிலாகக் கைபேசியின் இயர்போன் துளையே போதும். 16 கேபி நிரல் ஏற மூன்று நிமிடம் போல ஆகும். பொறுமை இல்லாதவர்களுக்கு எஸ்டி கார்டு பலகை இருக்கிறது.

எனக்கு இந்த யந்திரத்தின் மேல் தீராத பிரியம் வந்தது தமிழ் எழுத்து வரையும்போதுதான். ஒவ்வொரு எழுத்தும் எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கட்டம். 'விடியு 23' என்று அடித்து, எழுத்தின் எண்ணையும், வரிசைக்கு ஒன்றாக எட்டு எண்களையும் கொடுத்தால் அது பிறந்துவிடும். 66 ஆறு முறை, அப்புறம் 126, கடைசியில் 0, இதோ 'ப'. 'ட'வும் சுலபம். 'ண'தான் ஆளைத் திணறடிக்கிறது: மூன்று சுழி எட்டுப் புள்ளிக்குள் அடங்காது, இரண்டு கட்டம் கொடுக்க வேண்டும். இப்படி வரைய யந்திரம் முதலில் தருவது 32 இடங்கள். உயிர், மெய், ஆய்தமே 31 ஆகிவிட, கொம்பும் காலும் எங்கே போவது? நினைவகத்தை விட்டுக்கொடுத்தால் கூடுதல் இடம் கிடைக்கும், 32 எழுத்துக்கு 256 பைட் வீதம். அந்த 256 பைட்டுக்காக நிரலில் எதைக் குறைக்கலாம் என்று யோசிக்கும்போது, கணினி எப்படி வேலை செய்கிறது என்பது விரல் வழியாகப் புரிகிறது.

விளையாட மட்டும் ஆசை என்றால் பிரவுசரில் ஓடும் இலவச எமுலேட்டரே போதும். வீட்டில் எட்டாம் வகுப்புப் பிள்ளை இருந்து, மூடியைத் திறந்து 'இது என்ன?' என்று கேட்டால், ஒவ்வொரு ஐசியாகத் தொட்டுக் காட்டிப் பதில் சொல்ல யூனிகார்ன் போல வேறொன்று எனக்குத் தெரியவில்லை. வாங்கும்போது கீபோர்டின் எல்லா விசைகளையும் ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள், குறிப்பாக மேல் வரிசைச் சிவப்பு விசைகளை. ஐசி பழுதானால் தேடிப் பிடித்து மாற்றலாம். உடைந்த விசைக்கு மாற்று கிடைப்பது அரிது.