சிவப்புத் தரையின் மினுக்கம்

நுவரெலியா, ஹட்டன் பக்கத்துப் பழைய தோட்டத்துரை பங்களாக்களில் எனக்கு மிகவும் பிடித்தது சிவப்புச் சீமெந்துத் தரை. இரும்பு ஒக்சைட்டுச் சாயம் கலந்து, காயுமுன் கரண்டியால் இழைத்து இழைத்து மட்டப்படுத்தியது. அந்த மினுக்கத்தில் கொத்தனாருக்குப் பாதி, தினமும் தேய்த்தவர்களுக்குப் பாதி.

முதலில் தும்புத்தடியால் மணலைக் கூட்டி எடுக்க வேண்டும், தங்கினால் கீறும். பிறகு மெழுகுப் பொலிஷ், மிக மெல்லியதாக. தடித்துப் பூசினால் பிசுபிசுத்து அழுக்கைப் பிடிக்கும். அதன்மேல், குறுக்கே வெட்டிய தேங்காய் மட்டையில் ஒரு காலை ஊன்றி, இடுப்பை அசைத்து, முன்னும் பின்னும். 1,800 மீற்றருக்கு மேலுள்ள நுவரெலியாக் குளிரில் மெழுகு இறுகிக் கிடக்கும்; உரசும் சூடுதான் அதை இளக்கிப் பரப்புகிறது. எவ்வளவு அழகான வேலை!

தேசிக்காய்ச் சாறும் வினாகிரியும் ஆகாது. சீமெந்திலுள்ள சுண்ணாம்பை அரித்துவிடும். பளிங்குச் சில்லு பதித்த மொசைக் தரையிலோ சில்லே கரையும்.

பங்களாவை மினுக்கியவர்களில் பலர் மாலையில் திரும்பிய, தோட்டத் தொழிலாளர் வரிசைக் குடியிருப்பான லயத்து அறையில் மண்தரைதான். அதையும் அதே கைகள் சாணமிட்டு, வெடிப்பு தெரியாமல், வளைவு வளைவாக மெழுகின. பங்களாத் தரையைப் புகழ்கிறவர்கள் அந்த மெழுகலையும் சேர்த்துப் புகழ வேண்டும்.