தூணா, தூரமா? பேஸ்பால் மைதானங்கள் பற்றி ஒரு ரசிகனின் கணக்கு

தூணுக்குப் பின்னால் உட்கார்ந்து ஒரு முழு ஆட்டத்தையும் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன். ஏமாந்து இல்லை. பார்வை மறைக்கும் இருக்கை என்று தெளிவாகப் போட்டிருந்ததைப் படித்துவிட்டு, விலை குறைவு என்பதால் தெரிந்தேதான் வாங்கினேன். இடம் பாஸ்டனின் ஃபென்வே பார்க். 1912இல் திறந்தது. மேஜர் லீக் ஆட்டங்கள் இன்றைக்கும் நடக்கும் மைதானங்களில் இதுதான் மிகப் பழையது.

எனக்கும் முதல் பேஸுக்கும் நடுவில் ஒரு இரும்புத் தூண். பந்து அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நான் வலது பக்கம் சாய்வேன், பக்கத்தில் இருந்த பெரியவர் இடது பக்கம் சாய்வார். தேர்க்கூட்டத்தில் ஆள் தலைகளுக்கு நடுவே சாமி பார்ப்பது மாதிரிதான். ஆனால் பந்து கேட்சரின் கையுறையில் விழும் சத்தம் 'டப்'பென்று காதில் கேட்டது. பேட்டர் அம்பயரிடம் முனகியதுகூடத் தெரிந்தது.

இரண்டு மாதம் கழித்து வேறொரு ஊரில் ஒரு புத்தம்புது ஸ்டேடியம். மேல் அடுக்கில் இடம். தூண் கிடையாது, மறைப்பு கிடையாது, களம் முழுசும் தெரிந்தது. ஆனால் ஆட்டக்காரர்கள் கேரம் போர்டு காய்கள் மாதிரி இருந்தார்கள். மூன்றாவது இன்னிங்ஸிலிருந்து நான் பெரிய திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். திரையைப் பார்க்க இவ்வளவு தூரம் வரணுமா?

இந்த இரண்டு அனுபவங்களுக்கும் நடுவே இருக்கும் கேள்விதான் இந்தப் பதிவு. பழைய மைதானங்கள் நல்லவையா, அல்லது நமக்குப் பழசு மேல் பாசமா?

அளவு இல்லாத விளையாட்டு

கிரிக்கெட்டில் பவுண்டரி தூரம் மைதானத்துக்கு மைதானம் மாறும் இல்லையா? பேஸ்பாலில் அது இன்னும் முற்றிப்போன விஷயம். உள்வட்டத்தில் எல்லாம் கறார். பேஸுக்கு பேஸ் 90 அடி, பிட்சர் நிற்கும் இடத்திலிருந்து ஹோம் பிளேட்டுக்கு 60 அடி 6 அங்குலம். அதைத் தாண்டி வெளிச்சுவர் எங்கே, எவ்வளவு உயரம் என்பது கட்டுகிறவன் கையில். 1958க்குப் பிறகு கட்டுபவற்றுக்குக் குறைந்தபட்சத் தூரம் என்று விதி வந்தது. அதற்கும் விலக்குகள் நிறைய.

பழைய மைதானங்களின் வினோத வடிவத்துக்குக் காரணம் கலை அல்ல, மனைக்கட்டு. ஊருக்கு நடுவே என்ன நிலம் கிடைத்ததோ அதற்குள் கட்டினார்கள். ஃபென்வேயில் இடது பக்கம் லான்ஸ்டவுன் தெரு குறுக்கே வந்துவிட்டதால் சுவர் 310 அடியிலேயே வந்துவிட்டது. ஈடுகட்ட உயரமாக எழுப்பினார்கள். இன்றைக்கு 'கிரீன் மான்ஸ்டர்' என்று கும்பிடப்படும் அந்த 37 அடிச் சுவர், இடப் பற்றாக்குறையின் பிள்ளை.

நியூயார்க்கின் போலோ கிரவுண்ட்ஸ் இன்னும் கூத்து. குளியல் தொட்டி வடிவம். நேர் நடுவே 480 அடிக்கு மேல், வலது ஓரத்தில் 260 அடிக்கும் குறைவு. 1954 உலகத் தொடரின் முதல் ஆட்டத்தில் விக் வெர்ட்ஸ் 400 அடிக்கு மேல் அடித்த பந்தை, முதுகைக் காட்டி ஓடி வில்லி மேஸ் பிடித்தார். வேறு பல மைதானங்களில் அது ஹோம் ரன். அதே ஆட்டத்தின் பத்தாவது இன்னிங்ஸில் டஸ்டி ரோட்ஸ் அடித்த பந்து வலது ஓரமாக ஏறக்குறைய 260 அடிதான் போனது. அது ஹோம் ரன், ஆட்டமே முடிந்தது. நியாயமா என்று கேட்டால், இல்லை. ஆனால் எழுபது வருஷம் கழித்தும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

கான்கிரீட் கிண்ணங்கள்

அறுபது, எழுபதுகளில் கார் வந்தது, புறநகர் வந்தது. அரசுப் பணத்தில் கட்டுவதால் ஒரே கட்டடத்தில் அமெரிக்கக் கால்பந்தும் பேஸ்பாலும் ஆடணும் என்றார்கள். விளைவு வட்டமான கான்கிரீட் கிண்ணங்கள். பிட்ஸ்பர்க், சின்சினாட்டி, பிலடெல்பியா மூன்றிலும் 1970, 71இல் திறந்தவற்றின் புகைப்படங்களைக் கலைத்துப் போட்டால் எது எந்த ஊர் என்று சொல்வது கஷ்டம். செவ்வகக் களத்துக்கும் விசிறி வடிவக் களத்துக்கும் ஒரே வட்டம் பொருந்தாது. இரண்டுக்கும் பொதுவாகச் செய்தால் இரண்டுக்கும் அரைகுறையாகத்தான் வரும். என் தொழிலில் தினம் பார்க்கிற விஷயம் இது. மூன்றும் முப்பது வருஷம் சொச்சத்தில் இடிக்கப்பட்டன. யாரும் அழுததாகத் தெரியவில்லை.

1992: பழசு திரும்பி வந்த கதை

பால்டிமோரில் 1992 ஏப்ரல் 6 அன்று கேம்டன் யார்ட்ஸ் திறந்தது. ஊருக்கு நடுவே, செங்கல் முகப்பு, இரும்புச் சட்டங்கள், பேஸ்பாலுக்கு மட்டும். வலது பக்கம் நின்றுகொண்டிருந்த ஆயிரம் அடி நீள ரயில்வே கிடங்கை இடிக்காமல் அப்படியே வைத்துக்கொண்டார்கள். இன்றுவரை எந்த ஆட்டத்திலும் யாருடைய ஹோம் ரனும் அதன் சுவரைத் தொட்டதில்லை. 1993இல் ஹோம் ரன் போட்டியில் கென் கிரிஃபி ஜூனியர் அடித்தது ஒன்றுதான்.

அதற்குப் பிறகு கட்டப்பட்டவற்றில் பெரும்பாலானவை இதன் பிள்ளைகள். இங்கேதான் என் முதல் புகார்.

பழைய மென்பொருளில் சில வினோதமான வரிகள் இருக்கும். ஏன் இப்படி எழுதினார்கள் என்று தோண்டினால், அன்றைய ஏதோ ஒரு கட்டாயம் காரணமாக இருக்கும். காரணம் போன பிறகும் அந்த வரியைப் புது மென்பொருளில் காப்பியடித்தால் அது மரபு ஆகாது, சுமை. சின்சினாட்டியின் பழைய க்ராஸ்லி ஃபீல்டில் இடது பக்கம் தரை மேடாக ஏறும். வெளியே தெரு உயரமாக இருந்ததே காரணம். 2000இல் ஹூஸ்டனில் திறந்த புது மைதானத்தில், அப்படி ஒரு கட்டாயமும் இல்லாமல், சென்டர் ஃபீல்டில் செயற்கையாக ஒரு மேடு போட்டார்கள். மேட்டின் மேல் ஒரு கொடிக்கம்பம், அதுவும் ஆட்டத்துக்குள்! 2016 சீசன் முடிந்ததும் மேட்டை எடுத்துவிட்டார்கள்.

அதே 2000இல் திறந்த சான் பிரான்சிஸ்கோ மைதானத்தைப் பாருங்கள். வலது ஓரம் 309 அடிதான், ஏனென்றால் அதற்கு அப்பால் நிஜமாகவே கடல். இடம் இல்லாததால் சுவரை உயர்த்தினார்கள். 24 அடி, அது வில்லி மேஸின் சட்டை எண். இது காப்பி இல்லை. ஃபென்வேக்கு நேர்ந்ததே இதற்கும் நேர்ந்திருக்கிறது.

தூண் போனது, தூரம் வந்தது

செங்கல், இரும்புச் சட்டம், பச்சை நாற்காலி எல்லாவற்றையும் நகலெடுத்தவர்கள் ஒன்றை மட்டும் எடுக்கவில்லை. அதுதான் தூண்.

கீழ் இருக்கைகளுக்கு நடுவே தூண் நட்டால், மேல் அடுக்கைக் கீழ் அடுக்குக்கு நேர் மேலேயே வைக்கலாம். ஆளுக்கும் களத்துக்கும் தூரம் குறையும். டெட்ராய்ட்டின் டைகர் ஸ்டேடியத்தில் வலது பக்க மேல் அடுக்கு களத்துக்கு மேலேயே பத்தடி நீட்டிக்கொண்டிருந்தது! தூணை எடுத்தால் மேல் அடுக்கு பின்னால் நகர்ந்தே ஆகணும். பிறகு நடுவில் கண்ணாடி போட்ட சொகுசு அறைகளை ஒரு வரிசை, இரண்டு வரிசை என்று செருகுகிறார்கள். மேல் அடுக்கு இன்னும் உயரே போகும். உயரே போனால் கிட்டத்துக் களம் தெரிய படிகளைச் செங்குத்தாக்கணும். அப்புறம் ஏறும்போது கைப்பிடி தேடணும்.

சிகாகோவில் 1910இலிருந்து இருந்த கோமிஸ்கி பார்க்கை மூடிவிட்டு 1991இல் எதிரே புதிதாகக் கட்டினார்கள். பழையதின் மேல் அடுக்குக் கடைசி வரிசையைவிடப் புதியதின் மேல் அடுக்கு முதல் வரிசை களத்திலிருந்து தூரம் என்பது அப்போதே பிரபலமான விமர்சனம். பிற்பாடு அந்த மேல் அடுக்கின் உச்சி வரிசைகளையே வெட்டி எடுத்தார்கள்.

ஆக, தூண் சிலருக்குப் பார்வையை மறைத்தது. தூரம் மேலே உட்காருகிற எல்லோருக்கும் பார்வையைக் குறைத்தது. முதலாவது கண்ணுக்குத் தெரிகிற குறை என்பதால் சரிசெய்தார்கள். இரண்டாவது மேலே ஏறிப் பார்த்தவனுக்கு மட்டும் தெரிகிற குறை. சொகுசு அறைகள் இல்லாவிட்டால் வருமானம் இல்லை என்பதும் உண்மைதான். ஆனால் இரண்டே அடுக்கு, சுமார் 38,000 இருக்கை என்று 2001இல் பிட்ஸ்பர்க்கில் கட்டிய பி.என்.சி. பார்க்கைப் பார்த்தால், மனசு வைத்தால் முடியும் என்று தெரிகிறது.

பழசுக்கு எதிராக என் சாட்சி

இத்தோடு நிறுத்தினால் நான் நேர்மையானவன் இல்லை.

செயின்ட் லூயிஸின் ஸ்போர்ட்ஸ்மேன்ஸ் பார்க்கில் 1944 வரை கறுப்பின ரசிகர்கள் வலது பக்கப் பந்தலில் மட்டும்தான் உட்கார முடியும். 'அந்தக் காலத்து மைதானம்' என்று உருகும்போது அந்தக் காலம் யாருக்கு இனித்தது என்றும் கேட்கணும்.

இன்னொன்று சொந்த விஷயம். 2018 கோடையில் அம்மா வந்திருந்தாங்க. முட்டி தேய்ந்துபோய், நாலு படி ஏறினால் உட்கார்ந்துவிடுவாங்க. சான் பிரான்சிஸ்கோவுக்குக் கூட்டிப்போனேன். லிஃப்ட், சாய்தளம், சக்கர நாற்காலிக்குத் தனி மேடை, பக்கத்தில் எனக்கும் ஒரு இருக்கை. முன்னால் யார் எழுந்து நின்றாலும் மறைக்கவில்லை. மாற்றுத்திறனாளிகளுக்கான 1990 சட்டத்துக்குப் பிறகு கட்டியது என்பதால் இதெல்லாம் வரைபடத்திலேயே இருந்தது. நூறு வருஷக் கட்டடங்களில் இதைப் பிறகுதான் ஒட்டவைக்க முடியும்.

"இவ்வளவு நேரமா ஒண்ணுமே நடக்கலையேடா" என்று சொல்லிக்கொண்டிருந்தவங்க, ஒரு பந்து சுவரைத் தாண்டித் தண்ணீரில் விழுந்ததும் நிமிர்ந்தாங்க. "ஐயையோ, இப்ப அதை யாரு எடுப்பா?" சின்னப் படகுகளில் அதற்கென்றே ஆட்கள் காத்திருக்கிறார்கள் என்று சொன்னதும் அரை மணி நேரம் சிரிப்பு. என் ஃபென்வே தூணுக்குப் பின்னால் இந்தச் சிரிப்புக்கு இடம் இருந்திருக்காது.

கணக்கில் வராத ஓக்லாந்து

இப்போது என் கணக்கையே கெடுக்கிற மைதானம். விரிகுடாவின் இந்தப் பக்கம், 1966இல் திறந்த ஓக்லாந்து கொலீசியம். வட்டக் கிண்ணம், கால்பந்தோடு பங்கு. ஃபவுல் பகுதி மேஜர் லீக்கிலேயே பெரியது என்பதால் முதல் வரிசையே தூரம். தொண்ணூறுகளின் நடுவில் கால்பந்துக்காக எழுப்பிய ராட்சச அடுக்கு, பின்னால் தெரிந்த மலைகளையும் மறைத்துவிட்டது. என் அளவுகோல் எதில் வைத்தாலும் தோல்விதான்.

ஆனால் 2004இல் ஃப்ரீமான்ட்டில் குடியேறிய எனக்குப் பேஸ்பால் சொல்லிக்கொடுத்தது அதுதான். ரயிலை விட்டு இறங்கினால் நடைபாலம், பாலம் முடிந்தால் வாசல். புதன்கிழமை ஆட்டங்களுக்கு இரண்டு டாலர் டிக்கெட் கிடைத்த காலம் அது. வலது பக்கத் திறந்த இருக்கைகளில் மேளம் அடிப்பார்கள், கொடி ஆட்டுவார்கள். விதி தெரியாமல் முழித்த எனக்குப் பக்கத்தில் இருந்தவர்கள், பெயர்கூடக் கேட்காமல், இன்னிங்ஸ் இன்னிங்ஸாக விளக்கினார்கள். வாரம் ஒருமுறை வந்தால்தானே கேள்வி கேட்க முடியும்? ஒரு சீசனுக்கு ஒருதரம் காசு சேர்த்து வருகிறவன் புகைப்படம் எடுப்பான், போவான்.

2024 செப்டம்பர் 26, கடைசி ஆட்டம். 46,889 பேர். டெக்சாஸை 3-2 என்று வென்றார்கள். முடிந்தும் யாரும் கிளம்பவில்லை. பக்கத்தில் ஒருவர் காகிதக் கப்பில் களத்து மண்ணை வைத்துக்கொண்டு நின்றார். யாரும் அழமாட்டார்கள் என்று மேலே கிண்ணங்களைப் பற்றி எழுதினேன் இல்லையா? அதை வாபஸ் வாங்குகிறேன். நான் அழுதேன்.

அதனால் என் கணக்கில் இரண்டாவது ஒரு பத்தியைச் சேர்த்திருக்கிறேன். ஒன்று, களத்திலிருந்து எத்தனை அடி. இன்னொன்று, சாதாரண ஆள் வருஷத்துக்கு எத்தனை தரம் வர முடியும். ஃபென்வே முதலாவதில் ஜெயிக்கும், இன்றைய விலையில் இரண்டாவதில் தோற்கும். 2009இல் திறந்த புது யாங்கி ஸ்டேடியத்தில் முன்வரிசை இருக்கை ஒன்று 2,500 டாலர் என்று வைத்து, தொலைக்காட்சியில் காலி நாற்காலிகள் தெரிந்ததும் குறைத்தார்கள். அது முதலாவதை விற்க இரண்டாவதைத் தொலைத்த கதை. ஓக்லாந்து முதலாவதில் முட்டை, இரண்டாவதில் நூற்றுக்கு நூறு.

அந்த அணிக்காக லாஸ் வேகாஸில் சுமார் 33,000 இருக்கைகளோடு புது மைதானம் எழும்புகிறது. 2028இல் திறக்கத் திட்டம். கூரை எப்படி இருக்கும் என்று எல்லோரும் படம் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். கூரையை விடுங்க. மேல் அடுக்கின் முதல் வரிசை எங்கே வருகிறது? புதன்கிழமை ராத்திரி அங்கே உட்கார எவ்வளவு? எனக்குத் தெரிய வேண்டியது இந்த இரண்டும்தான்.