வாயில்லாத நூறு பேர்

சனிக்கிழமை ராத்திரி பாண்டிச்சேரியில் எந்த பாரில் உட்கார இடம் கிடைக்கும்? சிரிக்காதீர்கள், இது பொருளாதார ஆராய்ச்சி. பிரையன் ஆர்தர் என்ற பொருளாதார நிபுணர் அமெரிக்காவின் சாண்டா ஃபே நகரத்தில் இருக்கும் எல் ஃபரோல் என்ற பாரை வைத்து 1994-ல் இதே கணக்கைத்தான் போட்டார்.

வியாழக்கிழமை சாயங்காலம். வரக்கூடியவர்கள் 100 பேர். 60 பேருக்குள் வந்தால் ஜாலி. தாண்டினால் நெரிசல், வீட்டிலேயே இருந்திருக்கலாம். 'இன்னிக்குக் கூட்டம் இருக்காது' என்று எல்லாரும் நினைத்தால் மொத்தப் பேரும் வந்து முட்டிக்கொள்வார்கள். 'கூட்டம் தாங்காது' என்று நினைத்தால் முதலாளி ஈ ஓட்டவேண்டியதுதான். ஆக, எல்லாரும் ஒரே மாதிரி யோசித்தால் எல்லாருமே தப்பு! பி.காம்-ல் நான் மனப்பாடம் செய்த 'பகுத்தறிவுள்ள நுகர்வோர்' இந்த இடத்தில் அவுட்.

ஆர்தர் கம்ப்யூட்டருக்குள் 100 பேரை உருவாக்கினார். இவர்களுக்கு ஏஜென்ட் என்று பெயர் (எல்.ஐ.சி. ஏஜென்ட் இல்லை). ஆளுக்குச் சில ஊகங்கள். ஒருத்தர் போன வாரக் கூட்டத்தை நம்புவார், இன்னொருத்தர் நாலு வாரச் சராசரி பார்ப்பார். பலிக்காத ஊகத்தை விட்டுவிட்டுப் பலிக்கிறதுக்குத் தாவுவார்கள். ஓடவிட்டுப் பார்த்தால், வாராவாரம் ஏறி இறங்கினாலும் கூட்டம் சராசரியாக 60-ல் வந்து நின்றது. யாரும் உத்தரவு போடவில்லை, டோக்கன் கொடுக்கவில்லை. அழகான வேலை, சந்தேகமே இல்லை.

ஆனாலும் ஒரு குறை. அந்த 100 பேருக்கும் வாய் கிடையாது. 'மச்சி, அங்க கூட்டமா?' என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. கடன் இல்லை, சாதி இல்லை, மாமன் மச்சான் இல்லை. பாருக்குப் போகிற கணக்குக்கு இது போதும். நாட்டுக்கே முடிவெடுக்கிற கணக்குக்கு?

நம்ம ஊர் செயின்ட் லூயி தெருவில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இருக்கிறது. 1955-ல் தொடங்கியது. அதன் ஆய்வாளர்கள் கடலூர், விழுப்புரம் மாவட்டக் கிராமங்களில் வீடு வீடாகப் போய், யாருக்கு எவ்வளவு கடன், அவசரத்துக்கு யார் கொடுப்பார்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டிருந்த சமயத்தில்தான், 2016 நவம்பர் 8-ம் தேதி 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாமல் போயின. கண்ணெதிரே நடந்ததை 2017-ல் கட்டுரையாக எழுதினார்கள். மூன்று மாதங்களுக்கு மேல் வேலையும் கொடுக்கல் வாங்கலும் அடிபட்டன. ஜனங்கள் தெரிந்தவர்களை முன்னைவிட அதிகமாக நம்ப வேண்டியிருந்தது. கைகொடுக்க ஆள் உள்ளவர்கள் சமாளித்தார்கள். இல்லாதவர்கள் இன்னும் கீழே போனார்கள். இருந்த ஏற்றத்தாழ்வு கூடியது.

ஆர்தரின் வாயில்லாத ஆட்களிடம் இந்தக் கதை கிடைக்காது. பின்னால் வந்தவர்கள் ஏஜென்ட்டுகளை ஒருவரோடொருவர் பேசவும் வைத்தார்கள், வாஸ்தவம். ஆனால் யார் யாரோடு பேசுவார், யார் யாருக்குக் கடன் தருவார் என்பது கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்? யாராவது வெயிலில் நடந்துபோய், திண்ணையில் உட்கார்ந்து கேட்டு வந்து சொல்ல வேண்டும்.

ஒரு திட்டத்தை ஜனங்கள் தலையில் இறக்குவதற்கு முன்னால் கம்ப்யூட்டர் ஊரில் ஒத்திகை பார்ப்பது நல்ல பழக்கம்தான். அந்த ஊர் மளிகைக்கடையில் ஒரு பாக்கி நோட்டும், 'உனக்கு இனிமே கடன் கிடையாது' என்று சொல்ல ஒரு முதலாளியும் இருந்தாகணும். இல்லையென்றால் ஒத்திகையில் எல்லாரும் சௌக்கியம் என்றுதான் வரும்.