ஒன்றும் செய்யாத நாய்களின் நடுகல்

திருவண்ணாமலை மாவட்டம் எடத்தனூரில் கிடைத்த நடுகல் ஒன்று உண்டு. முதலாம் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டு, அதாவது 7-ஆம் நூற்றாண்டு. எருமைகளுக்காக நடந்த சண்டையில் இறந்த கருந்தேவக்கத்தி என்பவனுக்கு எடுத்தது. அவன் பக்கத்தில் ஒரு நாய் நிற்கிறது. நாய்க்கென்று தனியாக ஒரு வரியும் வெட்டியிருக்கிறார்கள்: கோவிவன் என்ற நாய் இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்றது என்று.

ஒரு நாயின் பெயரைக் கல்லில் எழுதி 1,400 வருஷம் காப்பாற்றிய மொழி நம்முடையது. பெருமைப்படலாம், தப்பில்லை. ஆனால் அந்த வரியை இன்னொருமுறை வாசித்துப் பாருங்கள். கோவிவனைப் பற்றி நமக்குத் தெரிவது அது எத்தனை பேரைக் கடித்தது என்பது மட்டும்தான். கடிக்காமல் இருந்திருந்தால் கல் இல்லை.

இந்த யோசனை வந்ததற்குக் காரணம், முதிய நாய்களைத் தெருவிலிருந்தோ கைவிட்ட வீடுகளிலிருந்தோ மீட்டுக் கடைசிவரை வைத்துக்கொள்ளும் காப்பகங்கள் வெளியிடுகிற இரங்கற்குறிப்புகள். சில வருஷமாக இவற்றை விடாமல் வாசிக்கிறேன். அமெரிக்காவில் டென்னஸியில் 2012-இல் தொடங்கிய ‘ஓல்ட் ஃபிரெண்ட்ஸ்’, சான்பிரான்சிஸ்கோவில் 2007-இல் தொடங்கிய ‘மட்வில்’ போன்றவை முதிய நாய்களுக்கு மட்டுமேயானவை. ஓல்ட் ஃபிரெண்ட்ஸில் நாய் உள்ளூர்க் குடும்பம் ஒன்றோடு வாழும், மருத்துவச் செலவு காப்பகத்தினுடையது. நம் ஊரில் இப்படித் தனியாகப் பிரிப்பது அபூர்வம். எல்லா வயசும் ஒரே கொட்டகையில்தான். ஆனாலும் இறந்தால் குறிப்பு எழுதுகிறார்கள். தமிழிலும் எழுதத் தொடங்கிவிட்டார்கள். அப்படியானால் அது ஓர் எழுத்து வகை. விமர்சனமும் வேண்டும்தானே?

இந்த வகையின் அடிப்படைச் சிக்கல் கோவிவன் காலத்திலிருந்தே வருகிறது. நாயை நினைவுகூர நமக்கு ஒரு செயல் தேவைப்படுகிறது. கர்நாடகத்தின் ஆதகூர்க் கல்வெட்டைப் பாருங்கள். தக்கோலப் போரில் சோழ இளவரசன் ராஜாதித்தன் இறந்ததைச் சொல்லும் அதே கல், காளி என்ற வேட்டைநாய் காட்டுப்பன்றியோடு மோதி இரண்டும் செத்ததையும் சொல்கிறது. அந்த நாய்க்கு நிலம் விட்டு, பூசைக்கு ஏற்பாடும் செய்தார்கள். ஓர் இளவரசனுக்குச் சமமான இடம்தான், ஆனால் பன்றியோடு மோதியதற்காக.

நம் காலத்தில் ‘பரியேறும் பெருமாள்’ (2018). மாரி செல்வராஜ் கருப்பிக்குக் கொடுத்த அளவுக்கு வேறு எந்தத் தமிழ் இயக்குநரும் ஒரு நாயின் சாவுக்கு நேரம் கொடுத்ததாக எனக்கு நினைவில்லை. ஊரே ஒப்பாரி வைக்கிறது. அது நியாயமான ஒப்பாரி, தண்டவாளத்தில் கட்டிப்போட்டுக் கொன்றது ஒரு நாயை மட்டுமல்ல என்று அழுகிறவர்களுக்குத் தெரியும். ஆனால் அதனாலேயே கருப்பியால் வெறும் கருப்பியாக இருக்க முடிவதில்லை. செத்த பிறகும் நீல நிறத்தில் திரும்பி வந்து அர்த்தம் சுமக்க வேண்டியிருக்கிறது. படத்தின் குறை என்று இதைச் சொல்லவில்லை. கருப்பி பதினைந்து வயசு வரை வாழ்ந்து, கண்ணில் பூ விழுந்து, ஒரு மத்தியானம் திண்ணையில் செத்திருந்தால் நம்மிடம் அதற்குப் பாட்டு கிடையாது, அவ்வளவுதான்.

காப்பகத்து முதிய நாய் அப்படிப்பட்டதுதான். யாரையும் கடிக்கவில்லை, காக்கவில்லை, எதற்கும் குறியீடு இல்லை. வயசுகூடப் பல்லைப் பார்த்துச் சொன்ன உத்தேசம். வந்தது, நாலு வருஷம் சாப்பிட்டது, வெயிலில் படுத்தது, சிறுநீரகம் பழுதாகிச் செத்தது. இதை எப்படி எழுதுவது?

பெரும்பாலானவர்கள் தப்பித்துக்கொள்ளும் வழி, நாயை விட்டுவிட்டு மீட்பை எழுதுவது. பாதிக் குறிப்பு மீட்ட இரவைப் பற்றியே இருக்கும்: மழை, புண், புழு, போன் செய்த பெண், ஓடி வந்த வண்டி. செயல் வேண்டுமே! நாய் செய்யாததால் மனிதர்கள் செய்துவிடுகிறார்கள். பிறகு வாழ்ந்த நாலு வருஷம் ‘அன்போடு இருந்தான்’ என்ற ஒரே வாக்கியத்தில் முடிந்துவிடும். கடைசியில் வானவில் பாலம். எட்னா க்ளைன்-ரெக்கி என்ற ஸ்காட்லாந்துப் பெண் 1959-இல், தன் 19 வயசில், செத்துப்போன தன் நாய்க்காக எழுதியது அது. எழுதியது அவர்தான் என்று உலகத்துக்குத் தெரிந்ததே 2023-இல். அவருடைய துக்கம் உண்மை. ஆனால் அதைத் தமிழில் அப்படியே இறக்குமதி செய்யும்போது ஒட்டவில்லை. குற்றாலம் மெயின் அருவிச் சாரலில் வெயில் பட்டால் வானவில் தெரியும். பார்த்து வளர்ந்த எவருக்கும் அதில் ஏறி எங்காவது போகலாம் என்று தோன்றியதில்லை.

அடுத்தது திணை. ‘அது’ என்று எழுதக் கூசி ‘அவன்’, ‘என் குழந்தை’ என்று எழுதுகிறார்கள். இதற்குக் கோபப்படும் தமிழாசிரியர்களுக்கு நன்னூலிலேயே பதில் இருக்கிறது. மகிழ்ச்சியிலோ உயர்த்தியோ திணை மாற்றிச் சொன்னால் வழு இல்லை. பசுவை ‘என் அம்மை வந்தாள்’ என்று சொல்வதைத்தான் காலங்காலமாக உதாரணம் காட்டுகிறோம். எனவே இலக்கணத் தடை ஒன்றும் இல்லை. என் கேள்வி வேறு. ‘அவன்’ என்று எழுதிவிட்டால் வேலை முடிந்ததா? இலஞ்சிப் பக்கம் ஒரு டீக்கடையில் கிழட்டு நாய் ஒன்று இருந்தது. சீசன் நாலு மாசம் கூட்டத்தின் மிச்சத்தில் நன்றாகத் தின்னும், மற்ற மாசங்களில் கடைக்கார அண்ணாச்சி போடும் பன்னும் வர்க்கியும். அது செத்த பிறகு விசாரித்தேன். அவர் சொன்னது இதுதான்: “மழ பெஞ்சா இந்த பெஞ்சுக்கு அடியிலதான் தம்பி கெடக்கும். காது கேக்காதுல்லா, மிதிச்சிரக் கூடாதுன்னு கால அந்தாக்குல தள்ளி வப்பேன். இப்பமும் அப்படித்தான் வைக்கேன்.”

முழுக்க அஃறிணை. இதைவிட நல்ல இரங்கற்குறிப்பை எந்தக் காப்பகத்தின் பக்கத்திலும் நான் வாசித்ததில்லை. நாய் என்ன செய்தது என்று இதில் இல்லை. எங்கே கிடந்தது என்று இருக்கிறது. அது இல்லாமல் போனது ஒரு மனிதரின் காலில் இருக்கிறது.

யானைக்கு இது நமக்குக் கைவருகிறது. 2025 ஜனவரியில் நெல்லையப்பர் கோயில் காந்திமதி 56 வயசில் இறந்தபோது யாரும் அவள் சாதனையைத் தேடவில்லை. மூட்டுவலிக்குப் பக்தர்கள் செய்து போட்ட தோல் செருப்பைத்தான் பேசினார்கள். நாய்க்கு மட்டும் ஏன் பேரேடு எடுக்கிறோம்?

இதெல்லாம் இலக்கிய நுணுக்கம் என்று நீங்கள் நினைக்கலாம். 2025-க்குப் பிறகு அப்படி நினைக்க முடியவில்லை. ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றத்தின் இருவர் அமர்வு தில்லி வட்டாரத் தெருநாய்களைப் பிடித்துக் காப்பகத்தில் அடைக்கச் சொன்னது. 22-ஆம் தேதி மூவர் அமர்வு அதைத் திருத்தி, ரேபிஸ் உள்ளவை, மூர்க்கமானவை தவிர மற்றவற்றைக் கருத்தடையும் ஊசியும் போட்டுப் பிடித்த இடத்திலேயே விடச் சொன்னது. நவம்பர் 7-இல் பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களில் பிடிப்பவற்றைத் திரும்ப அங்கே விடக் கூடாது என்றது. கடிபட்ட குழந்தையின் அப்பாவிடம் போய் நன்னூல் பேச முடியாது, அது தெரிகிறது. ஆனால் ‘காப்பகம்’ என்ற சொல் இந்த ஒரு வருஷத்தில் என்ன பாடுபட்டுவிட்டது! களக்காடு-முண்டந்துறை புலிகள் காப்பகம் என்றால் நாம் உள்ளே போகக் கூடாத காடு. நாய்கள் காப்பகம் என்றால் நாய் வெளியே வரக் கூடாத கொட்டகை.

மென்பொருள் வேலையில் பயன்படாத கோடை நீக்கிவிடுவோம், யாரும் அதற்கு அழுவதில்லை. புதிதாகக் கட்டப்போகிற கொட்டகைகளில் என்ன எழுதி வைப்பார்கள் என்பதுதான் என் கவலை. கூண்டு எண், ஊசி போட்ட தேதி, காதில் வெட்டு, இறந்த தேதி எல்லாம் இருக்கும். எந்தப் பக்கமாகச் சாய்ந்து படுக்கும், எந்தத் தட்டின் சத்தத்துக்கு எழுந்து வரும், ராத்திரி குழம்பிப்போய்ச் சுவரைப் பார்த்து நின்றால் யார் திருப்பிவிடுவார் என்று எழுத, அங்கே தினமும் அதைப் பார்க்கிற ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளைச் சம்பளத்துக்கு எடுத்திருக்கிறார்களா என்பது முதல் இரங்கற்குறிப்பிலேயே தெரிந்துவிடும்.