ஃப்ளாஷ்பேக் இல்லாத மனிதர்கள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை. வெளியே கொட்டுகிற மழை. டி.வி-யில் ‘அன்பே சிவம்’. எத்தனாவது தடவை என்று கேட்காதீர்கள்! ரயில் விபத்தில் அடிபட்ட சிறுவனுக்கு மாதவன் ரத்தம் கொடுக்கிறார். அப்படியும் பையன் பிழைக்கவில்லை. வழக்கம்போல எனக்குத் தொண்டை அடைத்தது.

அந்த நேரம் பார்த்து காலிங்பெல். ஆர்டர் செய்திருந்த பரோட்டா வந்துவிட்டது. எரிச்சலோடு கதவைத் திறந்தேன். “ஏம்ப்பா, இவ்ளோ நேரமா?” என்று கேட்டு, பார்சலைப் பிடுங்காத குறையாக வாங்கி, கதவைச் சாத்தினேன். ஓடி வந்து சோபாவில் உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து கண் கலங்க ஆரம்பித்தேன்.

“அந்தத் தம்பி தொப்பலா நனைஞ்சிருந்துச்சு. மூஞ்சியையாவது பார்த்தீங்களா?” என்றாள் மனைவி.

பார்க்கவில்லை. சத்தியமாக அந்த முகம் எனக்கு ஞாபகம் இல்லை.

அன்பைப் பற்றித் தமிழில் இவ்வளவு மெனக்கெட்டு எடுத்த படம் வேறு எது என்று யோசிக்க வேண்டியிருக்கும். இத்தனை தடவை பார்த்தும் அது என் வீட்டு வாசல்வரைகூட வரவில்லையே! கோளாறு என்னிடம்தான். சரி... கொஞ்சம் படத்திடமும் இருக்கிறதா?

கதை உங்களுக்குத் தெரியும். 2003 பொங்கலுக்கு வந்தது. கமல் எழுதி, மதன் வசனத்தில், சுந்தர்.சி இயக்கிய படம். மழையால் புவனேஸ்வர் விமான நிலையத்தில் மாட்டிக்கொள்கிறார்கள் இரண்டு பேர். தழும்பு விழுந்த முகமும் தடித்த கண்ணாடியுமாக நல்லசிவம். விளம்பரப் படம் எடுக்கிற அன்பரசு. பெயரை ‘ஏ.அரஸ்’ என்று சுருக்கிக்கொண்டவர். அதாவது, அன்பை வெறும் இனிஷியல் ஆக்கிவிட்டவர்! நல்லசிவத்தின் முகத்தைப் பார்த்தே தீவிரவாதியோ என்று சந்தேகப்பட்டு, அதிகாரிகளிடம் சொல்லியும்விடுகிறார்.

கமலின் உடைந்த நடையையும் கோணல் சிரிப்பையும் எல்லோரும் பாராட்டியாகிவிட்டது. எனக்கு மாதவன்தான் ஆச்சர்யம். அரஸ் வில்லன் இல்லை. அவசரக்காரர், அவ்வளவுதான். நன்றாக உடுத்துகிற, பர்ஸில் கார்டு இருந்தால் எல்லாம் நடக்கும் என்று நம்புகிற ஆள். சுருக்கமாகச் சொன்னால், ஞாயிற்றுக்கிழமை பரோட்டா ஆர்டர் பண்ணுகிற நான்! நம்முடைய அன்றாட அலட்சியத்தை இவ்வளவு துல்லியமாகத் திரையில் நான் அதிகம் பார்த்ததில்லை.

ஆனால், இந்த அரஸ் திருந்த என்னவெல்லாம் தேவைப்படுகிறது பாருங்கள். ஒரு வெள்ளம். ஒரு திருட்டு. ஒரு ரயில் விபத்து. ஒரு குழந்தையின் சாவு. அத்தனையும் நடந்த பிறகுதான் அவருக்குள் இருக்கும் மனிதன் வெளியே வருகிறான்.

விபத்தில் நாம் எல்லோருமே நல்லவர்கள்தான் சார். படத்தில் தடம்புரளும் கோரமண்டல் எக்ஸ்பிரஸ், 2023 ஜூன் 2 அன்று ஒடிசாவின் பாலசோர் பக்கத்தில் நிஜமாகவே கோர விபத்தில் சிக்கியது. ரத்தம் கொடுக்க அந்தப் பகுதி மக்கள் ராத்திரியோடு ராத்திரியாக வரிசையில் நின்றார்கள். யாருக்கு என்று கேட்டா நின்றார்கள்? பிரச்னை விபத்து நாளில் இல்லை. விபத்து எதுவும் நடக்காத மற்ற நாட்களில்தான் இருக்கிறது.

அடுத்தது, ஃப்ளாஷ்பேக். நல்லசிவம் வீதி நாடகம் போட்டவர், சுவரில் ஓவியம் தீட்டியவர், ஒருத்தியை உயிராகக் காதலித்தவர், பஸ் விபத்தில் சிதைந்தவர் என்று படம் ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்கிறது. சொல்லச் சொல்ல அந்த முகம் நமக்கு அழகாகிறது. அருமையான உத்திதான். ஆனால், ஒரு மனிதரின் கதை தெரிந்த பிறகு அவர்மேல் அன்பு வருவதில் என்ன பெரிய அதிசயம்? பரோட்டா கொண்டுவந்த தம்பிக்கு ஃப்ளாஷ்பேக் கிடையாது. அவருக்குப் பின்னணி இசை போட வித்யாசாகர் வரமாட்டார். கதவு திறந்திருப்பது அரை நிமிடம். அந்த அரை நிமிடத்துக்குள் நான் என்ன செய்ய வேண்டும் என்பதைப் படம் எனக்குச் சொல்லித்தரவில்லை.

தெரிந்தவர் மேல் வருவது அன்பு. தெரியாதவருக்கு முன்கூட்டியே கொடுத்துவைப்பது மரியாதை. ‘அன்பே சிவம்’ முதலாவதைப் பிரமாதமாகப் பேசிவிட்டு, இரண்டாவதை நம்மிடமே விட்டுவிட்டது.

“தேங்க்ஸ், ப்ளீஸ் எல்லாம் வெள்ளைக்காரன் சமாசாரம். நமக்கு எல்லாம் மனசுல இருக்கு” என்பார்கள். மனசில் இருப்பது மழையில் நிற்பவருக்கு எப்படித் தெரியும்? அதுவும் தவிர, தமிழுக்கு இதில் கடனே வாங்க வேண்டியதில்லை. ‘வா’ என்பதை ‘வாங்க’ ஆக்க ஒரேயொரு ‘ங்க’ போதும். அதை முப்பது வயது பேங்க் மேனேஜருக்குத் தாராளமாகக் கொடுக்கிறோம். அறுபது வயது வாட்ச்மேனுக்கு மட்டும் ‘நீ’, ‘வா’, ‘போ’. கஞ்சத்தனம் எங்கே வருகிறது பார்த்தீர்களா?

நான் பி.காம். படித்தவன். ‘குட்வில்’ பற்றி வகுப்பில் ஒரு விநோதமான விதி சொல்லித்தந்தார்கள். ஒரு கம்பெனி தானே உழைத்துச் சம்பாதித்த நல்ல பெயரைக் கணக்குப் புத்தகத்தில் சொத்தாக ஏற்றக் கூடாது. இன்னொருவரிடம் காசு கொடுத்து வாங்கினால்தான் ஏற்றலாம்! ‘அன்பே சிவம்’ கதையும் அதுதான். 2003-ல் வசூல் கணக்கில் நஷ்டம். பிறகு டி.வி-யில் பார்த்துப் பார்த்துச் சேர்ந்த நல்ல பெயருக்கு எந்தப் பேரேட்டிலும் பக்கம் இல்லை. நாம் ஒருவருக்குக் கொடுக்கிற ‘ங்க’வும் அப்படியே. வரவும் இல்லை, பற்றும் இல்லை.

படம் முடிந்து போனை எடுத்தேன். அந்தத் தம்பியின் பெயர், ஆரம்பத்திலிருந்தே திரையில் இருந்திருக்கிறது. ஐந்து நட்சத்திரம் போட்டேன். வெட்கமாக இருந்தது.

அடுத்த முறை வேறொருவர் வந்தார். பெயர் சொல்லி அழைத்து, “தண்ணி குடிக்கிறீங்களா தம்பி?” என்றேன். “வேணாம் சார், அடுத்த ஆர்டர் இருக்கு” என்று படியிறங்கிவிட்டார். அவருக்குத் தேவை தண்ணீர் இல்லை, நேரம்.

இப்போதெல்லாம் அவர் கீழே வரும்போதே கதவைத் திறந்துவைத்துவிடுகிறேன். டி.வி-யில் யார் அழுதாலும் சரி.