பாறைமேல் நின்று பூ எறிந்தவர்கள்
அல்பேர் காம்யுவின் 'கொள்ளைநோய்' நாவலை முன்வைத்துச் சில குறிப்புகள்

நம்பிக்கையூட்டும் இலக்கியம் வேண்டும் என்ற கோரிக்கை நமது இலக்கியக் கூட்டங்களில் அடிக்கடி எழுவதுண்டு. கோரிக்கை நியாயமானதே. ஆனால் அதற்கு விடையாக எழுதப்படும் கதைகளிற் பல ஒரே அச்சில் வார்க்கப்பட்டவையாக அமைந்துவிடுகின்றன. கலவரம் மூள்கிறது, அயல்வீட்டுச் சிங்களத் தாய் முஸ்லிம் குடும்பத்தைத் தன் வீட்டில் ஒளித்துவைக்கிறாள். அல்லது குண்டு வெடிக்கிறது. காயப்பட்ட தமிழ் இளைஞனுக்கு முஸ்லிம் முதியவர் இரத்தம் கொடுக்கிறார். முடிவில் மனிதாபிமானம் வென்றது என்று ஆசிரியரே அறிவித்துவிடுகிறார். இவை நடக்காத சம்பவங்களல்ல. எனினும் கதையைப் படித்து முடித்த பின்னரும் அந்தத் தாயைப் பற்றி நமக்கு ஒன்றும் தெரிவதில்லை. அவள் தன் இனத்தின் பிரதிநிதியாக வருகிறாள். நற்சான்றிதழ் பெற்றுக்கொண்டு போய்விடுகிறாள். கதவைத் திறக்குமுன் அவள் எவ்வளவு பயந்தாள், வீட்டில் யார் அவளைத் தடுத்தார்கள் என்பதெல்லாம் கதைக்கு வெளியிலேயே நின்றுவிடுகின்றன.

அன்றாட வாழ்வின் நற்செயலை இலக்கியமாக்குவது எப்படி என்ற இந்தப் பிரச்சினையை ஆராய்வதற்கு அல்பேர் காம்யுவின் 'கொள்ளைநோய்' நல்லதொரு களம். 1947இல் பிரெஞ்சு மொழியில் வெளிவந்த நாவல் இது. அல்ஜீரியாவின் ஓரான் துறைமுக நகரில் எலிகள் செத்து விழத் தொடங்குகின்றன. பின்னர் மனிதர்கள் சாகிறார்கள். நகர வாயில்கள் மூடப்படுகின்றன. நாஸி ஆக்கிரமிப்பின் உருவகமாக நெடுங்காலம் வாசிக்கப்பட்ட இந்நாவல், 2020இல் கொரோனா பரவியபோது உருவகம் என்ற போர்வையைக் களைந்து, நேரடியாகவே உலகெங்கும் மீள்வாசிப்புக்கு உள்ளானது.

நாவலில் ஜோசப் கிறான் என்றொரு பாத்திரம். நகரசபையில் சொற்பச் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் எழுதுவினைஞர். மனைவி அவரை விட்டுப் போய்விட்டாள். இரவில் இரகசியமாக ஒரு நாவல் எழுதுகிறார். ஆனால் முதல் வாக்கியத்தையே திரும்பத் திரும்பத் திருத்திக்கொண்டிருக்கிறார். இப்படிப்பட்ட மனிதர்தான், சுகாதாரத் தொண்டர் குழுக்கள் அமைக்கப்படும்போது தயங்காமல் முன்வருகிறார். அலுவலகம் முடிந்தபின் மாலை இரண்டு மணித்தியாலம் அமர்ந்து நோயாளர் கணக்கையும் மரணக் கணக்கையும் எழுதுகிறார். இந்த வரலாற்றுக்கு ஒரு வீரன் அவசியம்தான் என்றால் இவரை வைத்துக்கொள்ளுங்கள் என்று கதைசொல்லி முன்மொழிகிறார். உயிர்களைக் காப்பாற்ற இரவு பகலாக உழைக்கும் வைத்தியர் றியூவை விட்டுவிட்டுப் பதிவேடு எழுதியவரைச் சுட்டுவது விளையாட்டுக்காக அன்று. கொள்ளைநோய்க் காலத்தில் கணக்கு ஒழுங்காக இருப்பதும் ஒரு வைத்தியம்தான். அதைச் செய்தவருக்குக் கைதட்டல் கிடைப்பதில்லை.

இதனோடு சேர்த்து நோக்கவேண்டிய இன்னொரு கருத்தையும் கதைசொல்லி கூறுகிறார். நற்செயல்களை அளவுக்கு மீறிப் புகழ்வது, மறைமுகமாகத் தீமைக்குச் செய்யும் மரியாதை என்பது அவரது எண்ணம். ஏனெனில், நன்மை அரிதாகவே நிகழ்கிறது, தீமையும் அலட்சியமுமே மனிதரின் வழமை என்று அப்புகழ்ச்சி ஒப்புக்கொண்டுவிடுகிறது. மேலே நாம் குறிப்பிட்ட கதைகளின் குறை இங்கேதான் புலப்படுகிறது. அயல்வீட்டுத் தாயை அதிசயமாக்கும் ஆசிரியர், ஏனைய அயலவர் எல்லாம் கல்நெஞ்சர்கள் என்று தம்மை அறியாமலே எழுதிவிடுகிறார். அங்கே நம்பிக்கை வளர்வதற்குப் பதிலாகக் குறைந்துவிடுகிறது.

எமது நாட்டு வாசகரை, குறிப்பாக எமது சமூகத்து வாசகரை, உலுக்கிவிடும் பகுதி நாவலின் நடுவில் உள்ளது. மரணங்கள் பெருகப் பெருக அடக்கச் சடங்குகள் சுருங்குகின்றன. முதலில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் குழிகள். பின்னர் அந்த வேறுபாடும் போய்விடுகிறது. நிலம் போதாமற் போகவே நகருக்கு வெளியிலுள்ள பழைய தகனசாலை திறக்கப்படுகிறது. கடற்கரையோர ட்ராம் வண்டிகளின் ஆசனங்கள் கழற்றப்பட்டு, இரவில் சடலங்கள் ஏற்றப்படுகின்றன. அப்பக்கம் எவரும் வரக்கூடாதென்று காவல் போடப்பட்டிருக்கிறது. ஆனாலும் சிறுசிறு கூட்டமாகச் சிலர் காவலை மீறிச் சென்று, அலைகளுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் பாறைகளில் நின்று, கடந்து செல்லும் திறந்த பெட்டிகளுக்குள் பூக்களை எறிகிறார்கள். காம்யு இதற்குச் சில வரிகளையே ஒதுக்குகிறார். அவர்கள் யார், எந்தப் பிணத்துக்காக வந்தார்கள் என்று சொல்வதில்லை. அடுத்த விடயத்துக்குப் போய்விடுகிறார்.

2020 ஏப்ரலில் வர்த்தமானி மூலம் கொவிட் மரணங்களுக்குத் தகனம் கட்டாயமாக்கப்பட்ட நாட்டில் வாழும் நாம் இப்பகுதியைச் சாதாரணமாகக் கடந்துவிட முடியாது. ஓரானில் நிலத் தட்டுப்பாடு காரணமாகக் காட்டப்பட்டது. இங்கே நிலத்தடி நீர் மாசடையும் என்று காரணம் சொல்லப்பட்டது. அடக்கம் செய்யலாம் என உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் இருந்தும் ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டன. 2020 டிசம்பரில் பிறந்து இருபது நாட்களேயான குழந்தையொன்று எரிக்கப்பட்டபோது, பொரளைக் கனத்தை மயானத்து வேலியில் வெள்ளைத் துணித் துண்டுகள் கட்டப்படலாயின. கட்டியவர்களில் எல்லாச் சமயத்தவரும் இருந்தனர். கபன் துணியை நினைவூட்டும் ஒரு சாண் துணி, ஒரு முடிச்சு. அவ்வளவே. அந்த முடிச்சு உடனே எதையும் மாற்றிவிடவில்லை. 2021 பெப்ரவரியில்தான் அடக்கத்துக்கு அனுமதி வந்தது. மார்ச்சில் ஓட்டமாவடி, மஜ்மா நகரில் அடக்கம் தொடங்கியது. அங்கே 3,000க்கும் மேற்பட்டோர் அடக்கப்பட்டனர். பிற சமயத்தவர்களும் அவர்களில் உள்ளனர். அரசு மன்னிப்புக் கோரியது 2024 ஜூலையில். இத்தனைக்கும் முன்னரே, பலன் தெரியாத வேளையில், வேலியருகே போய் நின்றவர்களுக்கும் பாறைமேல் நின்றவர்களுக்கும் இடையில் ஓர் உறவு இருக்கிறது. இறந்தவரை இலக்கமாக அனுப்பிவைக்க இருசாராரும் மறுத்தனர்.

ஆயினும் இவ்விடத்தில் நாவல் மீது ஒரு கேள்வியை எழுப்பாமல் இருக்கவியலாது. ஓரான் முஸ்லிம்கள் வாழும் நகரம். அந்நகரிற் பிணங்கள் எரிக்கப்படுகின்றன. அப்படியிருந்தும், எங்கள் மையித்தை எரிக்காதீர்கள் என்று கேட்கும் ஒரு குரல்கூட நாவலில் இல்லை. ஜனாஸாத் தொழுகை இல்லை, மையவாடி இல்லை, முஸ்லிம் பெயர் தாங்கிய ஒரு நோயாளிகூட இல்லை. பத்திரிகையாளர் றம்பேர் ஓரானுக்கு வந்ததே அராபியரின் வாழ்க்கை நிலையை ஆராயத்தான். கதவுகள் அடைபட்டதும் அந்த ஆய்வும் மறைந்துவிடுகிறது, அராபியரும் மறைந்துவிடுகின்றனர். காம்யு அவர்களை அறியாதவரல்லர். 1939இல் கபிலியப் பிரதேசத்தின் வறுமையை நேரிற் கண்டு பத்திரிகையில் எழுதியவர் அவர். கொனர் குரூஸ் ஓ'பிரையன் 1970இலும், எட்வர்ட் செய்த் 1993இலும் காம்யுவின் எழுத்திலுள்ள இந்த வெற்றிடத்தை விமர்சித்துள்ளனர். ஓரானில் வாழ்ந்த எழுத்தாளர் கமெல் தாவூத், 'அந்நியன்' நாவலிற் பெயரில்லாமற் கொல்லப்படும் அராபியனுக்கு மூஸா என்று பெயரிட்டு, அவனது தம்பியின் வாயால் 2013இல் ஒரு நாவலே எழுதினார். 'கொள்ளைநோய்' நாவலின் தகனசாலைக்கும் அப்படியொரு மறுமொழி எழுதப்படலாம். அதை எழுதும் தகுதி, அந்த நெருப்பை வேறோர் ஊரிற் பார்த்துவிட்ட எமக்கும் உண்டு.

அப்படியானால் நம்மைக் காணாத ஒரு நூலிலிருந்து நாம் நம்பிக்கை பெறலாமா? பெறலாம் என்பதே எனது கருத்து. நூலின் குருட்டுத்தன்மையை மன்னித்துவிட வேண்டுமென்பதில்லை. கிறானின் பதிவேட்டை மதிக்கக் கற்றுத்தரும் நாவல்தான், அந்தப் பதிவேட்டில் யாருடைய பெயர் விடுபட்டது என்று கேட்கும் துணிவையும் நமக்குத் தருகிறது.

அதே கேள்வி நம்மை நோக்கியும் திரும்பவேண்டும். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் விரட்டப்பட்ட அவலத்தைப் பற்றி நம்மவர்கள் கவிதைகளும் கதைகளும் எழுதியிருக்கிறார்கள். எழுதப்பட வேண்டியவையே அவை. ஆனால் வந்தவர்களுக்குப் பள்ளிவாசலையும் பாடசாலையையும் திறந்துவிட்ட, தென்னந்தோட்டத்தில் கொட்டில் போட இடம்கொடுத்த, கிணற்றுத் தண்ணீரைப் பங்கிட்ட புத்தளத்துச் சாதாரணக் குடும்பங்கள் நம் கதைகளில் எந்தளவுக்கு இடம்பெற்றுள்ளன? முதல் வாரத்துப் பரிவு, வருடங்கள் நீண்டபோது நிலத்துக்கும் தொழிலுக்குமான மனக்கசப்பாக மாறியதும், அந்தக் கசப்பையும் மீறிச் சிலர் பழைய உறவைப் பேணியதும் எங்கே? கசப்பை விலக்கிவிட்டுப் பரிவை மட்டும் எழுதினால் அது மேடைப் பேச்சாகிவிடும். இரண்டையும் ஒரே கிணற்றடியில் வைத்து எழுதக்கூடியவர் நம்மிடையே இல்லாமலில்லை.

இளைய எழுத்தாளர்களிடம் ஒரு வேண்டுகோள். கனத்தை வேலியிலே துணி கட்டியவர்களில் ஒருவரைப் பற்றி எழுதுங்கள். அவரை எந்தச் சமூகத்தின் தூதுவராகவும் ஆக்கிவிடாதீர்கள். அந்தத் துணியை அவர் எங்கே எடுத்தார், பழைய சாரனைக் கிழித்தாரா, கடையில் வாங்கினாரா? வீட்டில் என்ன பொய் சொல்லிவிட்டுப் புறப்பட்டார்? பஸ்ஸில் போகும்போது அதை எந்தப் பையில் மறைத்து வைத்திருந்தார்? கட்டி முடித்ததும் எவ்வளவு நேரம் அங்கே நின்றார், பொலிஸ்காரரைக் கண்டு கால் நடுங்கியதா? இவற்றை எழுதினாலே போதும். மனிதாபிமானம் வென்றது என்ற கடைசி வரியை வாசகர் தாமே எழுதிக்கொள்வார், எழுதாமலும் விடுவார். அந்த உரிமை அவருடையது.