எல் நினோவை நம்பி ஏரியைத் திறக்கலாமா?

ஒவ்வோர் ஆண்டும் வடகிழக்குப் பருவமழை நெருங்கும்போது ஒரு கணக்கு காதில் விழுகிறது. பசிபிக்கின் நடு, கிழக்குப் பகுதிகள் வழக்கத்தைவிட வெப்பமாகும் எல் நினோ என்றால் தமிழ்நாட்டில் மழை கொட்டும், அவை குளிரும் லா நினா என்றால் பொய்க்கும். மாநிலத்தின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையான மூன்று மாதங்களில்தான் கிடைக்கிறது. சம்பா பயிரும் சென்னையின் குடிநீரும் அதைத்தான் நம்பியிருக்கின்றன. ஆகவே இந்தக் கணக்கு எவ்வளவு பாரம் தாங்கும் என்று பார்த்துவிடுவது நல்லது.

கணக்குக்கு அடிப்படை உண்டு. 1904 முதல் 1924 வரை இந்திய வானிலை ஆய்வுத் துறைக்குத் தலைமை வகித்த கில்பர்ட் வாக்கர், பருவமழை பொய்ப்பதை முன்கூட்டி அறிய உலகெங்கிலுமிருந்து வந்த காற்றழுத்தப் பதிவுகளை ஒப்பிட்டார். பசிபிக்கில் அழுத்தம் ஏறினால் இந்தியப் பெருங்கடல் பக்கம் இறங்குவதைக் கண்டு, அதற்குத் தென் அலைவு என்று பெயரிட்டார். 1969இல் யாக்கோப் பியர்க்னஸ் அந்த ஊசலாட்டத்தைக் கடலின் வெப்பத்தோடு இணைத்துக் காட்டினார். இந்தோனேசியத் தீவுகளின் மேல் எழும்பிக் கிழக்குப் பசிபிக்கில் இறங்கும் பெருங்காற்றோட்டத்துக்கு ‘வாக்கர் சுழற்சி’ என்ற பெயர் தந்தவரும் அவரே. எல் நினோ வந்தால் காற்று எழும்பும் இடம் கிழக்கே நகர்கிறது. இந்தோனேசியாவின் மேல் காற்று இறங்கத் தொடங்குகிறது. இந்தியப் பெருங்கடலின் நிலநடுக்கோட்டுப் பகுதியில் கீழைக்காற்று வலுத்து, ஈரம் மேற்கு நோக்கிக் குவிகிறது. தென்மேற்குப் பருவத்தில் நாட்டின் பெரும்பகுதியை வாட்டக்கூடிய அதே மாற்றம், ஐப்பசி பிறந்ததும் தென்முனைக்குச் சாதகமாகிறது.

எல் நினோ ஆண்டான 2015 இதற்குத் தெளிவான சாட்சி. நாட்டின் தென்மேற்குப் பருவமழை இயல்பைவிட 14 விழுக்காடு குறைந்தது. டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. கொட்டியது. அடுத்த ஆண்டு பசிபிக் மெலிதாக லா நினா பக்கம் சாய்ந்தது, தமிழ்நாட்டின் வடகிழக்குப் பருவமழை 62 விழுக்காடு குறைந்தது. இந்த இரண்டு ஆண்டுகளோடு நிறுத்திக்கொண்டால் கணக்கு வென்றுவிடும்.

ஆனால் 2018இன் இறுதியில் மெலிந்த எல் நினோ இருந்தும் தமிழ்நாட்டில் மழை 24 விழுக்காடு குறைந்தது. மறுகோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. 2021இல் லா நினா இருந்தும் மழை இயல்பைப் பாதிக்கு மேல் தாண்டியது. அந்த நவம்பரில் மட்டும் சென்னை 100 செ.மீ.க்கு மேல் பெற்றது. சில ஆண்டுகள் தவறினால் ஒரு புள்ளியியல் உறவு பொய்யாகிவிடாது என்பார்கள், அது சரிதான். ஆனால் தவறிய ஆண்டுகள்தான் ஊரைத் தாகத்திலும் வெள்ளத்திலும் விட்டன. அவை ஏன் தவறின என்று கேட்காமல் அந்த உறவுக்கு மதிப்பெண் போட முடியாது.

பருவத்தின் மொத்த மழை ஒரே சீராகப் பெய்வதில்லை. சில நனைந்த வாரங்கள் அதைத் தீர்மானிக்கின்றன. அந்த வாரங்களுக்குப் பின்னால் பெரும்பாலும் இருப்பது இன்னோர் அலைவு. 1971இல் ரோலண்ட் மேடனும் பால் ஜூலியனும் பசிபிக்கின் கேன்டன் தீவில் பதிவான காற்று விவரங்களில் அதைக் கண்டெடுத்தார்கள். நிலநடுக்கோட்டை ஒட்டிய ஒரு பெரும் மேகத்திரள் விநாடிக்கு ஏறத்தாழ ஐந்து மீட்டர் வேகத்தில் கிழக்கே நகரும், 30 முதல் 60 நாட்களுக்கு ஒருமுறை திரும்ப வரும் அலைவு அது. மேகம் வெளிவிடும் வெப்பம் வளிமண்டலத்தை உலுக்கி, தன் மேற்குப் பக்கம் நிலநடுக்கோட்டின் இருபுறமும் சுழல்களை எழுப்புகிறது. திரள் இந்தியப் பெருங்கடலில் இருக்கும்போது வங்கக்கடலில் தாழ்வுகள் உருவாக வாய்ப்பு கூடுகிறது. அது பசிபிக்குக்குப் போனதும் நம் பக்கம் காற்று இறங்கும் கட்டம் வருகிறது. அப்போது எல் நினோ ஆண்டிலும் வானம் வெளிறிக் கிடக்கும்.

பின்னணியை எல் நினோவும் நிகழ்ச்சியை மேடன்–ஜூலியன் அலைவும் தருகின்றன என்று பிரித்துவிட்டால் போதுமா? போதாது. 1997 மார்ச்சில் இந்த அலைவு மேற்குப் பசிபிக்கில் எழுப்பிய மேலைக்காற்று வெதுவெதுப்பான நீரைக் கிழக்கே தள்ளி, அந்த நூற்றாண்டின் மிக வலுவான எல் நினோக்களில் ஒன்றுக்கு உந்துதல் தந்தது. எல் நினோ வந்தபின் அலைவின் மேகத்திரள் வழக்கத்தைவிடக் கிழக்கே செல்ல வழி கிடைக்கிறது. சிறிய அலை பெரிய சுழற்சியைத் தூண்டுகிறது, பெரிய சுழற்சி சிறிய அலையின் பாதையை மாற்றுகிறது. இந்தப் பின்னலைப் பழைய ஆண்டுகளின் ஒப்பீடு மட்டும் பிடித்துவிடாது.

ஒப்பீட்டின் தரையே நகர்கிறது என்பது இன்னும் கவலைக்குரியது. எல் நினோவுக்கும் தென்மேற்குப் பருவமழைக்கும் உள்ள பிணைப்பு தளர்ந்திருப்பதை 1999இல் கிருஷ்ணகுமாரும் அவருடைய குழுவினரும் காட்டினார்கள். வெப்பக்கடல் பரப்பு விரிந்ததால் மேடன்–ஜூலியன் மேகத்திரள் இந்தியப் பெருங்கடலில் தங்கும் காலம் மூன்று நான்கு நாட்கள் குறைந்துவிட்டதாக 2019இல் ராக்ஸி மேத்யூ கோல் குழுவின் ஆய்வு சொன்னது.

அதற்காக மேடன்–ஜூலியன் அலைவை அரியணை ஏற்றவும் கூடாது. பல வாரங்களில் அது மெலிந்து அடையாளமே இல்லாமல் போகிறது, சில சமயம் இந்தோனேசியத் தீவுகளைத் தாண்டமுடியாமல் சிதைகிறது. நல்ல கணினி மாதிரிகளும் மூன்று நான்கு வாரங்களுக்கு மேல் அதைப் பின்தொடரத் திணறுகின்றன.

ஆகவே என் முடிவு இது. ‘எல் நினோ என்றால் மழை’ என்பது பொய்யல்ல, ஆனால் அது தீர்ப்பும் அல்ல. பருவம் எந்தப் பக்கம் சாயக்கூடும் என்று மட்டுமே அது சொல்கிறது. வடிகால் தூர்வாரவும், விதையும் குடிநீர் இருப்பும் திட்டமிடவும் அந்தச் சாய்வு போதும். மதகைத் திறப்பதா மூடுவதா என்று முடிவெடுக்க அது போதாது. அதற்கு அலைவு எங்கே நிற்கிறது என்று வாரந்தோறும் பார்க்க வேண்டும், கடைசி நாட்களில் வங்கக்கடலையே பார்க்க வேண்டும். பருவ முன்னறிவிப்பைச் சொல்பவர்கள் எத்தனை ஆண்டுகளில் அது தவறியது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஏரிக்கரையில் குடியிருப்பவர்களுக்கு அந்தக் கணக்கும் தெரிந்தாக வேண்டும்.